ஒத்து ஊதுவோர்

2025 மார்ச்சுத் திங்கள் 8 ஆம் நாள் இலண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் இசைஞானி இளையராஜா அவர்களின் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினர். அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பறைக்குள் நுழைந்தபோது நண்பர்கள் கைதட்டி வரவேற்றனர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க ஊர்க்காரர் சிம்பொனி போட்டுட்டாரப்பா, எங்களுக்கு எப்போ விருந்து?" என்று ஒருவன் கேட்ட பிறகுதான் விளங்கிற்று. அவர் ஊர் பண்ணைப்புரம். என் ஊர் பண்ணைக்காடு. அது தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருப்பது. இது திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிமலைச் சரிவில், காப்பிச் செடிகளுக்கும் மலைவாழைக்கும் நடுவே இருப்பது. இரண்டுக்கும் பெயரில் பாதி ஒற்றுமை என்பதைத் தவிர வேறு உறவில்லை. இதைச் சொல்லியும் அவர்கள் ஒப்பவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் மீண்டேன்.

ஆனால் அன்று ஒரு நண்பன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "சிம்பொனி வாசிக்க எழுபது எண்பது பேர் வேண்டுமாமே, அதற்கு ஏன் இலண்டன் வரை போக வேண்டும்? நம் நாட்டில் எண்பது பேர் கிடைக்கமாட்டார்களா?" என்றான். வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் அக்கேள்வியைப் பற்றிக்கொண்டு நூலகத்திலும் வெளியிலும் தேடியதன் பயனே இக்கட்டுரை. இசை இலக்கணம் முறையாகக் கற்றவன் அல்லன் நான். பிழை காணின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் சிம்பொனி இசைக்குழு என்பது யாது என்று பார்த்துவிடுவோம். சங்க நூல்களில் 'பல்லியம்' என்றொரு சொல் உண்டு. பல இயங்கள், அதாவது பல வாத்தியங்கள் கூடி ஒலிப்பது என்பது பொருள். மேனாட்டுப் பல்லியத்தில் நான்கு குடும்பங்கள் உள்ளன. வில்லால் வாசிக்கும் நரம்புக் கருவிகளான வயலின், வியோலா, செல்லோ, டபிள்பேஸ் முன்வரிசையில் அமரும். அவற்றின் பின்னே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் முதலிய துளைக்கருவிகள். அதற்கும் பின்னே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் எனும் பித்தளைக் கருவிகள். கடைசியில் முழவுகள். வயலின்களையே முதல் வயலின், இரண்டாம் வயலின் என்று இரு பிரிவாக்குவர். முதல் வயலினுக்குப் பெரும்பாலும் பாட்டின் மெட்டு வரும். இரண்டாம் வயலின்காரர் அதன் கீழே நின்று தாங்குவார். கேட்போர் வீடு திரும்பும்போது முணுமுணுப்பது முதல் வயலினின் மெட்டைத்தான். இரண்டாம் வயலின் என்ன வாசித்தது என்று கேட்டால் அரங்கில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அது இல்லாவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் மூவர் உண்டு. நான்கு பகுதிகள் கொண்ட அந்த இசையில் முதல் மூன்று பகுதிகளில் அவர்களுக்கு ஒரு சுரமும் இல்லை. மேடையில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து நான்காம் பகுதியில்தான் எழுகிறார்கள். துவோர்ஷாக்கின் 'புது உலகம்' என்ற ஒன்பதாம் சிம்பொனியில் டியூபா என்னும் பெருங்கொம்புக்காரருக்கு இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை. அதுவும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே சிம்பொனியின் கடைசிப் பகுதியில் கைத்தாளம் போன்ற பெரிய சிம்பல் தட்டு ஒரே ஒரு முறை ஒலிக்கிறது. இதை நான் படித்தபோது என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா ஒத்து ஊதியவர். எங்கள் மலையூர்த் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் நாயனக் குழுவுடன் செல்வார். ஒத்து பார்ப்பதற்கு நாயனத்தைப் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொண்டு, சீவாளியை வாயில் வைத்தால் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். நாயனக்காரர் மூச்சு வாங்கலாம், வெற்றிலை போடலாம், தவிலுக்குத் தனி விட்டுவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகையெல்லாம் இல்லை. கன்னத்தில் காற்றை நிறுத்தி அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் வித்தையைக் கற்று, சாமி ஊர்வலம் தெருமுனை திரும்பி நிலைக்கு வரும்வரை ஊத வேண்டும். கைதட்டல் நாயனத்துக்கு, சோடா தவிலுக்கு.

நம் மொழியோ அவருக்கு இன்னும் ஒரு கொடுமை செய்திருக்கிறது. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். பள்ளியில் படித்த நாளில் ஒருமுறை நான் ஆசிரியர் சொன்னதற்கு ஆமோதித்துவிட்டேன் என்று, "ஒத்து வீட்டுப் பிள்ளைதானே" என்று வகுப்பே சிரித்தது. அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரியப்பா நாயனக் குழுவோடு தெருவில் வரும்போது நான் வீட்டிற்குள் போய்விடுவேன். இதை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு; இசைக்குழுக்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அவ்வரலாறு பெரும்பாலும் ஒத்துக்காரர்களின் வரலாறாகவே எனக்குப் பட்டது.

சம்பளம் பெறும் பெரிய இசைக்குழுக்கள் ஒருபுறம் இருக்க, உலகெங்கும் வேறொரு வகையும் உண்டு. பகலில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் எழுத்தராகவும் வேலை பார்ப்போர் மாலையில் கூடி ஒத்திகை பார்த்து ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். இதனை 'ஊரார் இசைக்குழு' என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இந்தியாவில் அத்தகைய முயற்சிகளுள் பம்பாயில் நடந்தவை முக்கியமானவை.

அகில இந்திய வானொலி காலையில் திறக்கும்போது வரும் அந்த மெல்லிய இசையை அறியாதவர் நம்மில் இரார். கொடைக்கானல் பண்பலை எங்கள் மலையுச்சியிலிருந்தே ஒலிபரப்பாவதால் வானொலி என்பது எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. தம்பூராவின் மேல் வயலின் இழையும் அந்தச் சிறு மெட்டை, சிவரஞ்சனியின் சாயலில் 1936-ஐ ஒட்டி அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். இட்லரின் ஆட்சி ஐரோப்பாவில் தலைதூக்கிய காலத்தில், 1934-இல், அவர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். பம்பாய் வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவைக் கவனித்தார். நகரத்து இசை அன்பர்களைக் கூட்டிச் சிறு இசைக்கழகம் ஒன்றையும் நடத்தினார். அவருடன் வயலின் வாசித்த பார்சி இளைஞரே மெஹ்லி மேத்தா. அந்த வானொலி மெட்டில் கேட்கும் வயலினும் அவருடையதே என்று சொல்வர்.

மெஹ்லி மேத்தா 1908-இல் பிறந்தவர். புகழ்பெற்ற வயலின் மேதை ஹைஃபெட்ஸ் பம்பாய்க்கு வந்து வாசித்ததைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர். 1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். அக்குழுவில் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பார்சி வீடுகளில் பியானோவும் வயலினும் கற்றவர்கள், ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் வந்தவர்கள், உணவு விடுதிகளில் நடன இசை வாசித்துப் பிழைத்த கோவாக்காரர்கள், படைப் பேண்டு வாத்தியக்காரர்கள் எனப் பலரும் கலந்த கதம்பம் அது. ஊதுகருவிக்காரர்கள் கிடைப்பதுதான் எப்போதும் பெரும்பாடு. வயலின் கற்றவர் பத்துப் பேர் இருக்கும் ஊரில் பஸூன் கற்றவர் ஒருவரும் இருக்கமாட்டார். மேத்தாவின் வீட்டிலேயே ஒத்திகைகள் நடந்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த மகன் சுபின் மேத்தா 1954-இல் பதினெட்டாம் வயதில் வியன்னாவுக்குப் படிக்கச் சென்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றது யாவரும் அறிந்தது.

தந்தையின் கதை அவ்வளவு அறியப்படாதது. மெஹ்லி மேத்தா 1945-இல் மேற்பயிற்சிக்காக நியூயார்க் சென்றார், திரும்பி வந்தார், மீண்டும் 1955-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர இசைக்குழுவில் வயலின் வாசிக்கச் சென்றார். பின் அமெரிக்கா. அவர் எழுப்பிய பம்பாய்க் குழு அவரில்லாமல் நிலைத்து நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1964-இல் இளைஞர்களுக்கென அவர் தொடங்கிய அமெரிக்க இளையோர் சிம்பொனியைத் தம் முதுமை வரை நடத்தினார். அக்குழுவும் 2024-இல் பணமுடையால் நின்றுபோயிற்று.

பம்பாயில் அடுத்த பெருமுயற்சி 1958-இல் நடந்தது. அதைச் செய்தவர் அந்தோணி கொன்சால்வஸ். 'அமர் அக்பர் அந்தோணி' என்ற 1977 ஆம் ஆண்டு இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் தம் பெயரைச் சொல்லி ஆடும் பாட்டு நினைவிருக்கிறதல்லவா? அப்பெயர் கற்பனையன்று. அப்படத்துக்கு இசையமைத்த இரட்டையருள் ஒருவரான பியாரேலால் தம் வயலின் குருவுக்குச் செலுத்திய காணிக்கை அது. கோவாவின் மஜோர்டா ஊரில் 1927-இல் பிறந்த கொன்சால்வஸ், மாதாகோயில் இசைப்பள்ளி மரபில் வளர்ந்து பம்பாய்ப் படக்கூடங்களில் வயலின் வாசித்தும் பிறருக்கு இசைக்கோவை எழுதியும் வாழ்ந்தவர். இந்துஸ்தானி இராகங்களைச் சிம்பொனிக் குழுவுக்கு எழுத வேண்டும் என்பது அவர் கனவு. தம் கைப்பணத்தையும் நண்பர்களையும் திரட்டி இந்தியன் சிம்பொனி இசைக்குழுவை அமைத்தார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினர். படக்கூடத்துத் தோழர்களான கோவா வாத்தியக்காரர்களே குழுவினர்.

அவர்கள் எப்படிப்பட்ட வாத்தியக்காரர்கள்! தாளை வைத்த மாத்திரத்தில் வாசிப்பவர்கள். பயிற்சியில் குறைவில்லை, கருவியில் குறைவில்லை. ஆயினும் அக்குழு நீடிக்கவில்லை. 1965-இல் கொன்சால்வஸ் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். குழுவும் அவரோடு கதையாகிவிட்டது. என் கருத்தில் இதற்குக் காரணம் அவர் சென்றது மட்டுமன்று. படக்கூடத்தில் ஒரு நாள் வாசித்தால் ஒரு நாள் கூலி உண்டு. சிம்பொனி ஒத்திகைக்கு வந்தால் அந்தக் கூலி போகும். பிள்ளை குட்டிக்காரர் எத்தனை நாள் வருவார்? அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலும் ஏறத்தாழ இதே நிலைமைதான். வயலின் நம்மிடம் வந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். தஞ்சை சரபோஜி மன்னர் அரண்மனையில் மேனாட்டு வாத்தியங்களும் சுரக்குறிப்பு ஏடுகளும் இருந்தன. 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் இன்றும் பாடிவருகிறது. ஆனால் அது முதன்மையாகப் பாடகர் குழு. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் ஒரு சிற்றறையில் அமர்ந்து மேனாட்டு இசையைச் சொல்லிக்கொடுத்தார். இளையராஜா அவரிடம் கற்றவர். கோடம்பாக்கத்துப் பாட்டுப் பதிவுகளில் நாற்பது ஐம்பது வயலின்கள் ஒருசேர ஒலித்த காலமும் உண்டு. வயலின் இருந்தது, வாசிக்க ஆளும் இருந்தது, கால்ஷீட்டுக்கு வெளியே நேரம் மட்டும் இல்லை. அந்த வட்டத்திலிருந்து வெளிவந்து நின்றது நால்வர் குழு ஒன்றுதான்: வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் 1993-இல் அமைத்த மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்.

வாய்ப்பாட்டில் மட்டும் ஊரார் குழு ஒன்று சென்னையில் வேரூன்றியது. திரைப்பட இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்ற எம். பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களும் மாணவர்களும் சேர்ந்து பாரதியாரின் பாடல்களை மேல்குரல் கீழ்க்குரல் எனப் பிரித்துப் பாடினர். அவர் 1988-இல் இலட்சத்தீவில் மறைந்த பிறகும் அக்குழுவினர் பாடுவதை விடவில்லை. கூலி கிடைக்கும் இடத்தில் சிதறிய குழு, கூலியே இல்லாத இடத்தில் நிலைத்தது விந்தையல்லவா? இந்த விந்தையை வைத்துக்கொண்டுதான் கொழும்பைப் பார்க்க வேண்டும்.

கொழும்பு என்றால் எங்கள் மலையில் அந்நிய ஊரல்ல. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் வந்து குடியேறினர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அவ்வாறு வந்த முதியவர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தோட்டத்தில் தப்பு அடித்ததைத் தொடையில் தட்டிக் காட்டுவார். கொழும்பில் வெள்ளைக்காரச் சங்கீதம் நடக்குமா என்று நான் சிறு வயதில் ஏதோ பேச்சில் கேட்டபோது, "நமக்கு நுவரெலியாவே தூரம்டா" என்றார்.

அந்தக் கொழும்பில், கொன்சால்வஸ் பம்பாயில் குழு அமைத்த அதே 1958-இல், இலங்கை சிம்பொனி இசைக்குழு தோன்றியது. அன்று அதன் பெயர் சிலோன் சிம்பொனி இசைக்குழு. 1972-இல் நாட்டின் பெயர் மாறிய பின் குழுவின் பெயரும் மாறியது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டமாகியிருந்தது. 1958 மே மாதத்தில் தமிழர்க்கு எதிரான கலவரம் மூண்டு நாடு முழுதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. டச்சு, போர்த்துகீசிய வழிவந்த பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறத் தொடங்கியிருந்தனர். மேனாட்டு இசையை வீட்டுச் சொத்தாக வைத்திருந்த சமூகமோ அந்தப் பறங்கியர் சமூகமே. புதிதாக ஒரு சிம்பொனிக் குழு தொடங்க இதைவிடப் பொருத்தமற்ற ஆண்டு ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியாது.

அதன் தோற்றத்தில் முன்னின்றவருள் ஒருவர் ஐலீன் பிரின்ஸ் என்ற வயலின் ஆசிரியை. முதல் வயலின் இருக்கையில் அமர்ந்து குழுவை நடத்தியவர். அவர் ஆசிரியை என்பது சிறு செய்தியன்று. ஓர் ஊரார் குழுவுக்கு முதலில் வேண்டியது மேதையோ மண்டபமோ அன்று. ஆண்டுதோறும் நான்கைந்து பிள்ளைகளை வில் பிடிக்கப் பழக்கி, அவர்கள் தட்டுத்தடுமாறி வாசிக்கும் போதே பின்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைக்கும் ஆசிரியரே. ஒருவர் கப்பலேறினால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொரு மாணவர் இருக்க வேண்டும். கொழும்பில் அது நடந்தது. பிறகு ஏர்ல் டி பொன்சேகா என்ற நடத்துநர் 1960-லிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்குழுவை நடத்தினார். நாற்பது ஆண்டுகள்! அந்த இடைவெளியில் 1971 கிளர்ச்சி வந்தது. 1983 ஜூலைக் கலவரம் வந்தது. இருபத்தாறு ஆண்டு உள்நாட்டுப் போரின் பெரும்பகுதியும் கழிந்தது. அவருக்குப் பின் கோல் பிடித்தவருள் ஒருவரான அஜித் அபேசேகர வேதியியல் பேராசிரியர். நம் கல்லூரி வேதியியல் துறையினர் இதைக் கருத்திற் கொள்வார்களாக.

லேடீஸ் கல்லூரி மண்டபமே அவர்களது நிகழ்ச்சிகள் பல நடந்த இடம். சிறுவர்களுக்கென்றே தனி நிகழ்ச்சிகளும் நடத்தியிருக்கிறார்கள்; அதில் வாத்தியங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குவர். குழுவில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வேறு தொழில் பார்ப்பவர். வேலை முடிந்து, போக்குவரத்து நெரிசலில் கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒத்திகைக்கு வருபவர்கள். அவர்கள் வாசிப்பு ராயல் பில்ஹார்மோனிக்கின் வாசிப்புக்கு நிகராகாது என்று சொல்வதற்கு இசை விமரிசகர் தேவையில்லை. ஆனால் 1958-இல் பிறந்த இரு குழுக்களில் தேர்ந்த தொழிற்கலைஞர்களின் குழு ஏழாண்டுக்குள் மறைந்தது; தொழில்முறையல்லாதார் நிறைந்த குழு அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் தேடும்போது, அரசாங்க உதவி, தனவந்தர் ஆதரவு, கொழும்பு மேட்டுக்குடியினரின் ஆங்கிலப் பழக்கம் என்று சொல்லத் தோன்றும். கடைசியாகச் சொன்னதில் உண்மை உண்டு. அக்குழுவின் அரங்கில் தோட்டத் தொழிலாளியின் மகன் அமர்ந்திருந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மேலே சொன்ன முதியவரின் விடையே அதற்குச் சான்று. ஆனால் மேட்டுக்குடியினர் பம்பாயிலும் இருந்தார்கள். கொழும்பைவிடப் பணமும் மிகுதி. ஆகவே அது மட்டும் காரணமாகாது. பம்பாய்க் குழு இரண்டும் ஒவ்வொருவரின் கனவைச் சுற்றிக் கட்டப்பட்டவை. கனவு கண்டவர் விமானமேறியதும் மற்றவர் வீடு திரும்பினர். கொழும்பில் இரண்டாம் வயலின் இருக்கைகள் காலியாகவில்லை. என்னைக் கேட்டால் செய்தி அவ்வளவுதான்.

தென்னமெரிக்காவின் வெனிசுலாவில் 1975-இல் பொருளாதார அறிஞர் ஓசே அந்தோனியோ அப்ரேயு பதினொரு பிள்ளைகளை ஒரு வாகன நிறுத்தத்தில் கூட்டித் தொடங்கிய இசைக்கல்வி இயக்கமும் இந்த வழியில் வளர்ந்ததே. இன்னும் சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் குழுவுக்குள் அமர்த்திவிடுவது அவர்கள் முறை. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே. எம். இசைப்பள்ளியின் சன்ஷைன் இசைக்குழுவில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் செல்லோவும் ஹார்னும் கற்கிறார்கள். 2006-இல் பம்பாயில் தேசிய நிகழ்கலை மையத்தின் சார்பில் தோன்றிய இந்திய சிம்பொனி இசைக்குழு சம்பளக் குழு. அதில் வெளிநாட்டு வாத்தியக்காரர் பலர் இருக்கக் காரணம் பழைய பஸூன் சிக்கல்தான்.

நண்பன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எண்பது பேர் கிடைக்கமாட்டார்களா என்றால், முதல் வயலினுக்கு எண்பது பேர் கிடைப்பார்கள். நம் கச்சேரி மரபில் ஒவ்வொருவரும் தம் மனோதருமத்தைக் காட்ட இடமுண்டு. அது நம் இசையின் பெருமை. அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல நான் யார்? அகில இந்திய வானொலி 1952-இல் 'வாத்திய விருந்தா' என்ற குழுவை அமைத்து, பண்டிட் ரவிசங்கரையும் டி. கே. ஜெயராம ஐயரையும் நடத்துநராக்கியபோது, வீணை வித்துவானும் புல்லாங்குழல் வித்துவானும் எழுதிவைத்ததை எழுதிவைத்தபடி வாசிக்க வேண்டியதாயிற்று. அது எத்தனை பேருக்குக் கசந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இருந்தும் வாசித்தார்கள்.

ஆனால் நம்மிடம் கூட்டாக வாசிக்கும் பழக்கமே இல்லை என்று சிலர் எழுதுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நையாண்டி மேளத்தில் என்ன நடக்கிறது? இரண்டு நாயனம், தவில், பம்பை, தமுக்கு, தாளம், ஒத்து. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஒருவர் நிறுத்தினால் ஊர்வலமே தடுமாறும். எழுதிய தாள் இல்லை. கோல் பிடித்த நடத்துநர் இல்லை. ஆள் குறைவதுதான் எங்கள் சிக்கலும். எங்கள் ஊர்ப்பக்கத்து நாயனக் குழுவில் முதலில் போனது ஒத்து. மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தது. அதற்குச் சோறு போட வேண்டாம். பேருந்துக் கட்டணம் வேண்டாம். பெரியப்பாவை அழைப்பது மெல்ல நின்றது. அதன் பின் இரண்டாம் நாயனம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். இப்போது திருவிழாவுக்குக் கீழே வத்தலக்குண்டுப் பக்கமிருந்து குழு வருகிறது. மழை வந்து மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் வராது.

கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா காப்பித் தோட்டத்தில் இருந்தார். ஒத்து அவர் வீட்டு உத்தரத்தில் துணி சுற்றிச் செருகியிருக்கிறது. நான் துவோர்ஷாக்கின் கதையைச் சொன்னேன். முக்கால் மணி நேர இசையில் ஒரே ஒரு தடவை தட்டும் சிம்பல்காரரைப் பற்றிக் கேட்டதும் அவர் வேலையை நிறுத்திவிட்டார்.

"ஒரே தட்டுத்தானா?"

"ஒண்ணேதான் பெரியப்பா. அதுவும் பலமாக் கூட இல்ல."

"முழுச் சம்பளமா?"

"இலண்டன்ல முழுச் சம்பளம். கொழும்புல பெரும்பாலும் சம்பளத்துக்கு வர்றவங்க இல்ல. பகல்ல வேற வேலை பாத்துட்டு ராத்திரி வந்து வாசிக்கிறாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தட்டுறதுக்கு முன்னாடி அந்த ஆளு எண்ணிக்கிட்டே இருப்பானா, இல்ல கேட்டுக்கிட்டே இருப்பானா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. "கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான். எண்ணுனா தப்பிப் போகும்" என்று தாமே சொல்லிக்கொண்டு, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தப் போனார்.